கவர், பொட்டலம், காயலான் கடை: வட சென்னை வீடுகளும் கடைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் வீட்டிலும் கடையிலும் எழும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போகுமா என்பதை அதன் அடியில் இருக்கும் முக்கோணக் குறி முடிவு செய்வதில்லை. காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பாரா என்பதுதான் முடிவு செய்கிறது. பதில்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

தடை எதற்கெல்லாம்? கனமான கவர் என்றால் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கைப்பிடி கவர், சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், மேசை விரிப்பு, பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி, நான்-ஓவன் பை எல்லாம் அதில் வரும். 2022 ஜூலை 1-ல் வந்த மத்திய அரசுத் தடையில் பஞ்சுக் குச்சி, பலூன் குச்சி, ஸ்வீட் பாக்ஸ் மேல் சுற்றும் மெல்லிய தாள் போன்றவையும் சேர்ந்தன.

குழப்பம் மைக்ரானில்தான், அதாவது கவரின் தடிமனை அளக்கும் கணக்கில். மத்திய விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைவான கைப்பிடி கவர் கூடாது. இந்த எண்ணைக் காட்டித்தான் மொத்தக் கடைகளில் "இது 120 மைக்ரான், பயப்படாம வாங்கிட்டுப் போங்க" என்று விற்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு செல்லாது. இங்கே கைப்பிடி கவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடைதான். ஆலையிலேயே சீல் வைத்து வரும் பால், எண்ணெய், மருந்து உறைகள் வேறு கணக்கு. கடையில் கட்டிக் கொடுப்பதுதான் மாநிலத் தடையின் குறி.

கலர் கலராகத் துணி மாதிரி இருக்கும் பை துணிப்பைதானே?

இல்லை, அது பாலிபுரொப்பிலீன். நூல் நூற்று நெய்யாமல், உருக்கிய இழைகளைப் பரப்பி, சூடான உருளையில் அழுத்தி எடுப்பது. வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவை அழுத்திய தடங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த துணியில் நூல் வரும், இதில் வராது, பிய்த்தால் பஞ்சு மாதிரி இழைதான் வரும். வெயிலில் சில மாதம் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். கடைக்காரர்கள் "துணிப்பைக்கு மாறிட்டோம்" என்று நம்பிக்கையோடு சொல்வது பெரும்பாலும் இந்தப் பையைத்தான். கல்யாணத் தாம்பூலப் பைகளிலும் பாதிக்கு மேல் இதுவாகிவிட்டது.

டீக்கடையில் பேப்பர் கப் பரவாயில்லையா?

வெறும் பேப்பர் டீயைத் தாங்காது, ஊறிவிடும். அதனால் உள்பக்கம் பாலிஎத்திலீன் மெல்லிசாகப் பூசியிருக்கிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்தபோது, 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீரை 15 நிமிடம் இப்படிப்பட்ட கப்பில் வைத்ததில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கியிருந்தன. காயலான் கடையிலும் இதை எடுக்க மாட்டார்கள். பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடப்பதால் பேப்பர் ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் ஆலைக்கும் ஆகாது.

கண்ணாடி டம்ளர்தான் விடை. கழுவும் முறையைச் சரியாக வைத்தால் வாடிக்கையாளரின் தயக்கமும் போகும். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். கடைசியில் கொதிநீரில் ஒரு முக்கு. ஒரே வாளியில் எல்லா டம்ளரையும் அலசி எடுப்பதைப் பார்த்துத்தான் பலர் பேப்பர் கப் கேட்கிறார்கள். அது நியாயமான அருவருப்பு, அதைக் குறை சொல்ல முடியாது.

மெஸ் நடத்துகிறோம். பார்சல் சாம்பாரையும் ரசத்தையும் கவர் இல்லாமல் எப்படிக் கொடுப்பது?

முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரு பார்சலுக்குச் சாம்பார், ரசம், பொரியல், மோர் என்று 4 கவர். தினம் 60 பார்சல் என்றால் 240. மாதம் 26 நாள் கடை திறந்தால் 6,240 கவர். இதில் எண்ணெயும் புளியும் ஒட்டாத கவர் ஒன்றுகூட இருக்காது. ஆகவே ஒன்றுகூடக் காயலான் கடைக்குப் போகாது.

சாதத்துக்கும் பொரியலுக்கும் இலையே போதும். நடு நரம்பைச் சீவிவிட்டு, இலையின் பின்பக்கத்தைச் சூடான தோசைக்கல்லில் சில நொடி வாட்டுங்கள். பச்சை கறுத்து மினுமினுப்பாகும்போது எடுத்துவிட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போது விரிசல் விடும். வாழை இலை நரம்புப் போக்கிலேயே கிழியும் என்பதால் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக, நரம்புகள் பெருக்கல் குறிபோல் வரும்படி வையுங்கள். ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும். மேலே அச்சில்லாத பழுப்புத் தாள், அதன்மேல் நூல். ரப்பர் பேண்ட் போட்டால் இலை அறுபடும்.

குழம்பு வகைக்கு இரண்டு வழி. வாடிக்கையாளரே தூக்கோ டிபன் கேரியரோ கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள். தள்ளுபடி அறிவிப்பைவிட அந்தக் கரண்டி நன்றாக வேலை செய்யும். இரண்டாவது, முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பாவில் கொடுப்பது. தினமும் வாங்குபவர்கள் 20 பேர், ஆளுக்கு 2 டப்பா, திரும்பி வர 3 நாள் ஆகும் என்றால் 120 டப்பா வேண்டும். காணாமல் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 132. குறைவாக வாங்கினால் நான்காம் நாள் டப்பா தீர்ந்து, மறுபடி கவருக்கே கை போகும். இந்த முயற்சி தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். மூன்று அளவு வாங்கினால் அவசரத்தில் மூடி மாறும், மாறிய மூடி வழியாகச் சாம்பார் வண்டி சீட்டுக்கு வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே அழுத்தி மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டு, ஆவி தணிந்ததும் மூடுங்கள். மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பாவை வாங்க வேண்டாம். ரசவாசம் வளையத்தில் தங்கிவிடும், மறுநாள் மோரில் ரசம் மணக்கும்.

வடை, பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் கொடுப்பது பிளாஸ்டிக்கைவிட நல்லதுதானே?

குப்பைக்கு நல்லது, வயிற்றுக்குக் கெட்டது. அச்சு மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம், சூடான எண்ணெய் மையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். உணவைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொட்டல விதியிலேயே இருக்கிறது. எண்ணெய் வடிய ஜல்லிக்கரண்டி, கொடுக்க இலைத் துண்டு. மந்தாரை இலை கிடைத்தால் இன்னும் நல்லது, அது காய்ந்தாலும் கெடாது, அடுக்கி வைக்கலாம்.

காசிமேட்டில் மீன் வாங்கப் போகும்போது என்ன கொண்டுபோவது?

மூடியுள்ள 4 லிட்டர் பாத்திரம், அதை வைக்க ஒயர் கூடை. பாத்திரத்தின் அடியில் ஒரு வாழை இலைத் துண்டு போட்டால் மீன் ஒட்டாது, கழுவுவதும் சுலபம். பேருந்தில் வழிவது மீன் தண்ணீர் இல்லை, உருகிய ஐஸ். ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர்பவர் ஐஸை வடித்துவிட்டே கிளம்பலாம்.

தெர்மாகோல் பெட்டி பற்றி வியாபாரிகள் கேட்பதுண்டு. ஒரு கன மீட்டர் தெர்மாகோல் சுமார் 15 முதல் 20 கிலோதான். மீதியெல்லாம் காற்று. ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) நிறைய அடுக்கினாலும் 100 கிலோ தேறாது. டீசல் செலவுக்கே கட்டாது என்பதால் யாரும் எடுப்பதில்லை. முனை உடைந்ததும் வெள்ளை மணிகளாக உதிர்ந்து துறைமுகத் தண்ணீரில் மிதக்கும். கனமான ஐஸ் பெட்டி விலை பல மடங்குதான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும், உடைந்தாலும் எடைக்குப் போகும். கைமுதல் இல்லாத மீன்காரம்மாவிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. மொத்த வியாபாரி வாங்கி வாடகைக்குக் கொடுத்தால்தான் மாறும்.

'மக்கும் கவர்' என்று அச்சடித்திருக்கிறதே?

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சோளமாவு போன்றவற்றிலிருந்து செய்யப்படும் மக்கும் பிளாஸ்டிக். இதற்கு ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரம், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று, உறையிலேயே தயாரிப்பாளர் பெயரும் சான்று எண்ணும் இருக்க வேண்டும். இன்னொன்று சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஏதோ ரசாயனம் கலந்து, வெயிலில் துண்டு துண்டாக உடையும்படி செய்தது. உடைவது வேறு, மக்குவது வேறு.

நல்ல வகையிலும் ஒரு சிக்கல். அந்தத் தரம் அளக்கப்படுவது 58 டிகிரி அளவு சூட்டில் இயங்கும் உரக்கூடத்தில். மாடித் தோட்டத்து உரத்தொட்டி பெரும்பாலும் அந்தச் சூட்டில் நிலைக்காது, கால்வாய்க்கு அந்தப் பேச்சே இல்லை. அதைப் பால் கவரோடு காயலான் கடையில் போட்டால் நல்ல பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

காயலான் கடையில் எது போகும், எது போகாது?

தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில், பினாயில் டப்பா, வாளி, குடம், பால் கவர் போகும். நிறமில்லாத பாட்டிலுக்கு விலை அதிகம், பச்சைக்குக் குறைவு. கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு மிகக் குறைவு, ஏனென்றால் கறுப்பை மறுபடி கறுப்பாக மட்டுமே ஆக்க முடியும். பிரியாணி வரும் கறுப்பு டப்பாவைப் பல கடைகள் தொடுவதில்லை.

கவர்களைத் தொழிலில் மூன்றாகப் பிரிப்பார்கள். கசக்கினால் சரசரவென்று சத்தம் போடுவது எச்.எம். சத்தமில்லாமல் மெத்தென்று இழுபடுவது எல்.டி. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து, ஓரத்தில் கீறினால் நேர்க்கோட்டில் கிழிவது பி.பி. சட்டை, புடவை வரும் உறை இந்தக் கடைசி வகை. மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் மட்டமான விலைதான் போடுவார்கள்.

எதுவென்று தெரியாத கெட்டிப் பிளாஸ்டிக்கை நகம் அளவு வெட்டி, சோப்பு கலந்த தண்ணீரில் விரலால் அமுக்கிவிடுங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மூழ்கினால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET), பைப் செய்யும் பி.வி.சி., அல்லது தயிர் கப் செய்யும் பாலிஸ்டைரீன். சோப்பு எதற்கென்றால், வெறும் தண்ணீரில் மூழ்க வேண்டிய துண்டுகூட மேற்பரப்பில் ஒட்டி மிதந்து ஏமாற்றும்.

பாட்டில் மேல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் லேபிளை உரித்துவிடுங்கள். அது பி.வி.சி.யாக இருந்தால் பாட்டில் தூளோடு சேர்ந்து மூழ்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், பி.வி.சி. அதற்கு முன்பே கருகும். ஒரு லேபிள் ஒரு மூட்டையில் கரும்புள்ளி போடும். மூடி பரவாயில்லை. அது மிதக்கும் பிளாஸ்டிக், ஆலையில் தண்ணீரிலேயே பிரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஈரம். ஈரப் பிளாஸ்டிக் நாறும், எறும்பு வரும், கடைக்காரர் எடையில் கழிப்பார். அரிசி களைந்த தண்ணீரில் ஒரு அலசு, கொடியில் கிளிப் போட்டு ஒரு மணி நேரம். சின்ன வீட்டில் இடமில்லை என்பவர்கள் 25 கிலோ அரிசிப் பையை ஆணியில் மாட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை நிறையும்.

பால் கவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

நிறைய வருகிறது, சுத்தமானது, ஒரே வகைப் பிளாஸ்டிக். அரை லிட்டர் கவர் இரண்டு மூன்று கிராம் இருக்கும். ஒரு கிலோ சேர முந்நூறிலிருந்து ஐந்நூறு கவர் வரை வேண்டும். வெட்டும்போது முனையை முழுசாக அறுத்து எறியாதீர்கள். ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது. நேராகச் சாக்கடைக்குப் போகும்.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே?

போகாது. கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். திரும்ப விரிந்தால், அது வெள்ளி பூசிய பிளாஸ்டிக். பாலிபுரொப்பிலீன், அலுமினியப் பூச்சு, பாலிஎத்திலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. ஒன்று 160 டிகிரிக்கு மேல் உருகும், இன்னொன்று 110-க்குப் பக்கத்தில். பிரிக்கச் செலவு அதிகம், சேர்த்து உருக்கினால் பண்டம் தேறாது. தனியாகச் சேமித்துக் கொடுத்தால் சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகப் போக வாய்ப்புண்டு.

சாஷே வாங்குபவர்களைக் குறை சொல்வது எங்களுக்கு ஒப்புதல் இல்லை. தினக்கூலியில் வாழும் வீட்டுக்கு இன்றைய ஒரு ரூபாய்தான் கணக்கு. அதோடு, ஷாம்பு விஷயத்தில் பல நேரம் ஒரு மில்லிக்குப் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. சாஷேயின் தந்தை என்று சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். உழைப்பாளிக்கும் எட்டும் விலை என்பதுதான் அவர் எண்ணம். அந்த உறையைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வழிகாட்டு விதி வந்திருக்கிறது.

பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? கடைசியில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குதானே?

சில தெருக்களில் அப்படி நடப்பது உண்மை. அப்படியானாலும் பிரிப்பது வீண் இல்லை. காய்ந்த குப்பையைச் சோற்றுக் கஞ்சி படாமல் தனிப் பையில் கட்டிக் கொடுத்தால், தூய்மைப் பணியாளர் அந்தப் பையை அப்படியே தூக்கி வண்டியின் ஓரத்தில் தொங்கவிடுவார். அதில் விற்கக்கூடியது இருக்கிறது, அவருக்குப் பத்து ரூபாய் கிடைக்கும். கலந்துவிட்டால் கையை விட்டுக் கிளற வேண்டும், உடைந்த கண்ணாடியும் நாப்கினும் அதில்தான் இருக்கும். வண்டி வராவிட்டாலோ கலந்து கொட்டினாலோ மாநகராட்சி எண் 1913-ல் தெரு, வார்டு, நேரம் சொல்லிப் புகார் கொடுத்து எண்ணை வாங்கி வையுங்கள்.

கொடுங்கையூர் கிடங்கு சுமார் 340 ஏக்கர். அங்கே தேங்கியிருந்த பழைய குப்பை 60 லட்சம் டன்னுக்கு மேல். அதைத் தோண்டிச் சல்லடையில் சலித்து மண், கல், எரியக்கூடியது என்று பிரிக்கும் வேலை நடக்கிறது. பல வருடம் மண்ணில் ஊறிய கவரை எந்த ஆலையும் வாங்காது. சிமென்ட் உலைக்குத்தான் ஆகும். அதே கவர் வீட்டுக் கொடியில் காய்ந்தபோது ஒரு பண்டமாக இருந்தது.

கொஞ்சமாக எரித்துவிட்டால்?

வேண்டாம். குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிவதுதான் மோசம். அதில் பி.வி.சி. இருந்தால் (ஒயர் உறை, ரெக்ஸின், பைப் துண்டு) ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வரும். செம்புக்காக ஒயரை எரிப்பவர்கள் கத்தியால் உறையை உரித்தால் செம்புக்கும் நல்ல விலை, கறுக்காமல் இருக்கும். போகி டயருக்கும் இதே பதில்.

பிளாஸ்டிக் ரோடு போடுகிறார்களே, எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாமே?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறை அது. சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் தூளைத் தூவிப் பூச்சாக்கி, பிறகு தார் கலப்பார்கள். தார் எடையில் நூற்றுக்கு 6 முதல் 8 வரைதான் பிளாஸ்டிக். கவர் ஆகும், பி.வி.சி. ஆகாது, ஈரமும் மண்ணும் ஆகாது. மறுபடியும் காயப்போட்ட கவர்தான் வேண்டும்.

துணிப்பையை எத்தனை முறை பயன்படுத்தினால் லாபம்?

பருத்திக்குத் தண்ணீரும் உரமும் நிறையச் செலவு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் போட்ட கணக்குப்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கவரோடு ஒப்பிட்டால், பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பக் கணக்கு நேராகும். வாரம் மூன்று முறை கடைக்குப் போனால் பத்து மாதம். கிழிந்த புடவையிலும் பேன்டிலும் தைத்த பைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, துணி ஏற்கெனவே இருக்கிறது. புதிதாய் 6 மஞ்சப்பை வாங்கி அலமாரியில் வைப்பதைவிடப் பழைய கட்டைப்பைக்குக் கைப்பிடி தைப்பது மேல்.

மக்களுக்கு அக்கறை இல்லை என்பதுதானே உண்மை?

அப்படித் தோன்றவில்லை. கேட்டால் எல்லோரும் பிளாஸ்டிக் கெடுதல் என்றுதான் சொல்கிறார்கள். கடைக்காரர் "கஸ்டமர் கேக்குறாங்க, இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்பார். வாங்குபவர் "நான் கேக்கல, அவங்களே போட்டுத் தர்றாங்க" என்பார். இரண்டும் பொய் இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் திடீரென்று தக்காளி வாங்குபவரிடம் பை இருக்காது, அவ்வளவுதான். வண்டி சீட்டுக்குக் கீழே மடித்து வைத்த ஒரு பை இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கும்.

கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. மஞ்சப்பையோடு சென்ட்ரலில் இறங்கியவன் என்பது இந்த ஊரில் பட்டிக்காட்டானுக்குக் கொடுத்த அடையாளம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியபோது அந்தக் கேலியையும் சேர்த்துத்தான் திருப்பிப் போட வேண்டியிருந்தது.

காசு பேசும் இடத்தில் பழக்கம் சீக்கிரம் மாறுகிறது. அயர்லாந்தில் 2002-ல் கவருக்கு 15 சென்ட் வரி போட்டதும் பயன்பாடு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விழுந்தது. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுத்ததும் காட்டில் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. கோலி சோடா பாட்டிலைக் கடையிலேயே குடித்துவிட்டு வைத்துவிட்டு வந்த தலைமுறைக்கு இது புதிதும் இல்லை.

மண்டபத்தில் 300 பேருக்கு விசேஷம். என்ன ஏற்பாடு செய்யலாம்?

இலை 330. குட்டி பாட்டில் வேண்டாம். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 150 லிட்டர், 20 லிட்டர் கேன் 8 போதும், வெயில் காலமானால் 11. எவர்சில்வர் டம்ளர் 350, பந்திக்குப் பந்தி கழுவ ஒரு ஆள் கூடுதலாகச் சொல்லுங்கள். ஐஸ்கிரீம் கப்பும் பிளாஸ்டிக் ஸ்பூனும்தான் பின்வாசல் வழியாக நுழையும். சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

எச்சில் இலையை மாட்டுக்கு எடுப்பவரை முதல் நாளே சொல்லி வையுங்கள். பந்தி எடுக்கும் இடத்தில் இரண்டு டிரம் வையுங்கள், இலைக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. இலையைச் சுருட்டும்போது ஸ்பூனும் ஸ்வீட் கவரும் உள்ளே போய்விடும். அதை மாடு முழுங்கினால் வயிற்றிலேயே தங்கும். ஆகவே பந்தி எடுப்பவர் இலையை மடிப்பதற்கு முன் மேலே கிடப்பதை ஒரு கையால் வழித்து இரண்டாவது டிரம்மில் போட வேண்டும். இதை அவரிடம் முதல் பந்திக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டாவது பந்தியில் யாருக்கும் காது கேட்காது.